சத்து மாத்திரை பாட்டில்

"அங்க என்ன குசுகுசுன்னு பேச்சு? எனக்குத் தெரியக் கூடாத ரகசியம் இந்த வீட்டுல அப்படி என்ன இருக்கு?"

விடிந்தும் விடியாததுமாக மாமியாரின் குரல் கூடத்திலிருந்து பாய்ந்து வந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் கணவனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த மருமகள் சட்டென்று கையை விட்டாள்.

"ஒண்ணுமில்ல அத்தை... டீக்குச் சர்க்கரை போதுமான்னு கேட்டேன்!"

"சர்க்கரையைக் கேக்கக் கதவுக்குப் பின்னாடியா போவாங்க? நல்லா இருக்குடியம்மா உங்க சர்க்கரை!"

கணவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் தலை வலித்தது. பின்மண்டையைக் கையால் அழுத்திக்கொண்டான். அதைப் பார்த்ததும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் பட்டறைக்கு லீவு சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரஷர் பாத்துட்டு வந்துடலாம். உங்களக் கெஞ்சிக் கேக்குறேன்..."

"உஷ்! அம்மா காதுல விழுந்து தொலைக்கப் போகுது. தினமும்தான் மாத்திரை போடுறேனே, அப்புறம் எங்க ஏறப் போகுது பிரஷர்? ராத்திரி சரியாத் தூங்கல, அவ்வளவுதான். கொண்டா."

அவள் அலமாரியிலிருந்து பழுப்பு நிறப் பாட்டிலை எடுத்து, ஒரு மாத்திரையை அவன் உள்ளங்கையில் போட்டாள். சின்னதாய், வெள்ளையாய், வட்டமாய் இருந்தது. முன்பெல்லாம் மாத்திரையின் நடுவில் மெல்லிய கோடு ஒன்று இருக்கும். கொஞ்ச நாளாக அந்தக் கோட்டைக் காணோம். மருந்துக் கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்திருப்பார்கள், நிரப்பும்போது கவனிக்காமல் விட்டிருப்போம் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பாட்டிலின் கதையைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் பிரஷர் என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது. மாமனார் அந்த நோயில்தான் மூளை நரம்பு வெடித்து, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே வாசலில் சாய்ந்தார். நோய்தான் அவரைக் கொண்டுபோயிற்று என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாமியார் நம்பினால்தானே! 'அந்த மாத்திரையைத் தொட ஆரம்பிச்சாரு, ஆளையே முழுங்கிடுச்சு' என்பதுதான் அவளுடைய கணக்கு.

அதனால்தான், பட்டறையில் நடந்த மருத்துவ முகாமில் தனக்கும் பிரஷர் இருப்பது தெரிந்தபோது, கணவன் நேரே மனைவியிடம் வந்து நின்றான். "என் மேல சத்தியம் பண்ணு. அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒண்ணு மாத்திரையைத் தூக்கி எறிவாங்க, இல்ல பயத்துலயே உயிர விட்டுடுவாங்க." அவளும் சத்தியம் செய்தாள். சத்து மாத்திரை வந்த காலிப் பாட்டில் ஒன்று வீட்டில் கிடந்தது. மாதாமாதம் பிரஷர் மாத்திரையை வாங்கி, பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி அதில் நிரப்பி வைத்தாள். பட்டைகளை வரும் வழியிலேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவாள். மாமியாருக்குத் தெரிந்ததெல்லாம் மகன் தினமும் சத்து மாத்திரை சாப்பிடுகிறான் என்பதுதான். 'புருஷனுக்கு மட்டும் சத்து ஏத்துறா பாரு' என்று ஒரு குத்தல் பேச்சோடு விட்டுவிடுவாள்.

அம்மாவையே ஏமாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்ன கெட்டிக்காரத்தனமோ... என்ன சிரிப்போ!

கணவன் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினான். தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்று பார்த்தாள். அவன் திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். வலது கை.

உச்சிவேளைக்கு முன்னாலேயே பட்டறை முதலாளி வண்டியோடு வாசலில் வந்து நின்றார். "பதறாதம்மா... பதறாம வா" என்று சொன்ன அவருடைய உதடுதான் முதலில் பதறியது. லேத் மெஷினில் ஒரு இரும்புத் தண்டைக் கடைந்துகொண்டிருந்தானாம். பிடித்திருந்த கைப்பிடியிலிருந்து வலது கை ஈரத் துணி போல நழுவி விழுந்ததாம். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம். பக்கத்து மெஷின்காரர் ஓடிவந்து சுவிட்சை அணைத்திராவிட்டால் சுற்றுகிற இரும்புக்குள்ளேயே கை போயிருக்குமாம். அவள் எதையும் முழுதாகக் கேட்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதபடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே இடியாக இறங்கியது.

"இவருக்குப் பிரஷர் இருக்கறது முன்னாடியே தெரியுமா?"

"என் பிள்ளைக்கா?" மாமியார் முந்திக்கொண்டாள். "அவனுக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லையே தாயி!"

மருமகள் மாமியாரைத் தாண்டி முன்னால் வந்தாள். சத்தியமா, உயிரா? "தெரியும் டாக்டர்... மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்காரு."

"தினமுமா?"

"தினமும். என் கையாலதான் குடுக்கிறேன்."

டாக்டரம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். "தினமும் சாப்பிடறவங்களுக்கு இவ்வளவு தூரம் ஏறறது அபூர்வம்மா. கொஞ்ச நாளா மாத்திரை உள்ள போகலன்னுதான் எனக்குத் தோணுது. நான் திட்ட மாட்டேன், நடந்ததைச் சொல்லுங்க. நிறைய வீட்டுல நடக்கறதுதான். உடம்பு நல்லா இருக்கேன்னு நடுவுல விட்டுடறாங்க..."

"இல்ல டாக்டர்! ஒரு நாள்கூட விடல... சத்தியமா விடல!"

டாக்டரம்மா பெருமூச்சோடு உள்ளே போனார். கதவு மூடிய அடுத்த நொடி மாமியாரின் கை மருமகளின் கன்னத்தில் இறங்கியது.

"பாவி! என் வீட்டுக்காரரைக் கொண்டுபோன நோய் என் பிள்ளைக்கும் வந்திருக்கு... பெத்தவகிட்ட மறைச்சிட்டியே! மறைச்சதுதான் மறைச்ச, ஒழுங்காக் குடுத்தும் தொலைக்கலையே! என்ன பண்ணின அந்த மாத்திரைய?"

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடி வலிக்கவில்லை. நான் கொடுத்தேனே, தினமும் கொடுத்தேனே... பிறகு எப்படி? இந்தக் கேள்விதான் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

கணவனின் உயிர் தப்பியது. ஆனால் முழு ஆளாக வீடு திரும்பவில்லை. வலது கையும் காலும் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தன. பேச்சு வாய்க்குள்ளேயே கொழகொழவென்று நின்றது. ஆனால் நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமையிலும் கொடுமை. எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும், ஒன்றும் சொல்ல முடியாது.

அவனை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே நாத்தனார் வந்து இறங்கினாள். கணவனுக்கு அக்கா. அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். கழுத்தில் தொங்கிய அளவுநாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். வந்த வேகத்தில் அலமாரி, இழுப்பறை, சமையலறை மாடம் என்று ஓரிடம் விடாமல் துழாவினாள். தேடி முடித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள்.

"எங்கம்மா அந்த மாத்திரை? தினமும் குடுத்தவ வீட்டுல ஒரு பட்டை இருக்க வேண்டாமா? கால் பட்டை? வெறும் அட்டை? ஒண்ணுகூட இல்லையே! யார்கிட்டக் கதை விடுற?"

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. சாட்சி இருக்கிறதே! சத்தியம்தான் ஏற்கனவே உடைந்துவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது? அந்தப் பாட்டிலை எடுத்துக் காட்டினால் போதும்.

"அண்ணி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. அது பட்டையில இல்ல. அந்த அலமாரியில..."

"நீ பேசாதடி!" மாமியார் குறுக்கே பாய்ந்தாள். கண்ணும் கண்ணீருமாக மகளிடம் திரும்பினாள். "இவ ஒழுங்காப் பாக்கலன்னாலும் நானாவது என் பிள்ளைக்கு ஏதாச்சும் செய்யணும்னு பாத்தேன்டி! அந்தச் சத்து மாத்திரை பாட்டில் இல்ல? அதுல இவ எப்பவோ வாங்கின பழசையே போட்டு வச்சிருந்தா. எல்லாத்தையும் சாக்கடையில கொட்டிட்டு, மருந்துக் கடையில இருக்கறதுலயே உசத்தியான சத்து மாத்திரையா வாங்கி நிரப்பி வச்சேன். நான் வாங்கினதுன்னு தெரிஞ்சா இவ முகத்தத் தூக்குவாளேன்னு, அதே மாதிரி சின்னதா, வெள்ளையா, வட்டமாத் தேடித் தேடி வாங்கினேன்! பெத்த வயிறு அப்படித் துடிச்சுது... கட்டிக்கிட்டவளுக்கு அந்தக் கரிசனம் இருந்துச்சா?"

அலமாரியை நோக்கி நீண்டிருந்த மருமகளின் கை கீழே இறங்கியது.

நடுவில் இல்லாமல் போன அந்தக் கோடு... வேறு கம்பெனி இல்லை! ஐயோ, வேறு கம்பெனி இல்லை! தினமும் தன் கையாலேயே, தண்ணீரும் கொடுத்து, அக்கறையாக அவள் புருஷனுக்கு விழுங்கக் கொடுத்தது வெறும் சத்து மாத்திரை. உயிர் காக்கும் மாத்திரை சாக்கடையில் கரைந்துபோயிருக்கிறது.

"என்னம்மா, அலமாரியில என்ன? சொல்ல வந்தியே, சொல்லு!" என்று நாத்தனார் அதட்டினாள்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். அழுது அழுது வீங்கிய முகம். புருஷனை வாசலில் பறிகொடுத்தவள். இப்போது மகன் இப்படி... அவனை இப்படிப் போட்டது நீங்கள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த உயிர் தாங்குமா? தனக்கு மட்டும் பங்கில்லையா? பட்டையோடு வைத்திருந்தால் பெயர் இருந்திருக்கும். பெயர் இருந்திருந்தால் மாறியிருக்காது. கோடு இல்லையே என்று கண் கண்டும், கேட்காமல் விட்டது யார்?

"ஒண்ணுமில்ல அண்ணி" என்றாள்.

கட்டிலில் ஏதோ அசைந்தது. கணவனின் கண்கள் மேலே செருகாமல், நேராக அம்மாவின் மேலேயே நின்றன. அவனும் கேட்டுவிட்டான். அந்தப் பாட்டிலில் என்ன இருந்தது என்று தெரிந்த இன்னொரு ஆள் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். "ம்... ம்மா..." என்று தொண்டை கரகரத்தது. அவள் ஓடிப்போய்ப் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்து அவன் காதில் சொன்னாள்: "வேண்டாங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன். அவங்க தாங்க மாட்டாங்க." அவன் கண்ணிலிருந்து நீர் காது மடலுக்கு வழிந்தது.

நாத்தனார் தீர்ப்பை வாசித்துவிட்டுத்தான் கிளம்பினாள். "இனிமே என் தம்பிக்கு மாத்திரை உன் கையால வேண்டாம். எல்லாம் அம்மா பாத்துக்குவாங்க. நீ அடுப்படியோட நில்லு. பிள்ளைகுட்டியும் கிடையாது, அப்படி என்னதான் வேலை உனக்கு? ஒரு மாத்திரை குடுக்கத் தெரியலையே!"

மகனைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் சொன்னாள். எதிர் வீடு, பக்கத்து வீடு, சலவைக் கடை, பால் கொண்டுவருபவர் என்று ஒருவர் பாக்கியில்லை. 'மாத்திரையக் குடுக்காமயே என் பிள்ளையப் படுக்க வச்சுட்டா' என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் மருமகள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுபோகும். அவள் தலையைக் குனிந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவாள். போகட்டும், பழிதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அதையாவது தாங்கிவிட்டாள்.

தாங்க முடியாதது வேறொன்று. அது தினமும் அவள் கண்ணெதிரே நடந்தது.

மாமியாருக்கு மகன் மேல் உயிர். ஆனால் மாத்திரை மேல் பழைய பகை. மகன் தூங்கினால், "பாவம், கண்ணசந்துட்டான், எழுப்ப வேண்டாம்" என்று அந்த வேளை மாத்திரையை விட்டுவிடுவாள். சரியாகச் சாப்பிடாவிட்டால், வெறும் வயிற்றில் எதற்கு என்று விடுவாள். முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தால், "இன்னிக்கு நல்லா இருக்கானே, உடம்புக்கும் ஓய்வு வேண்டாமா" என்பாள். வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸம்மா, பிரஷர் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனதுதான் வினையாகப் போயிற்று. "அதான் இறங்கிடுச்சுன்னு சொல்லிட்டாங்களே! அப்புறம் எதுக்கு அந்த விஷத்தை உள்ள தள்ளணும்?"

மருமகள் சமையலறை வாசலில் கரண்டியோடு நிற்பாள். "அத்தை... காலை மாத்திரை..."

"நீ எனக்குச் சொல்லித் தராத!"

மாமியாருக்குத் தெரியாமல் தானே ஒன்றைக் கொடுத்துவிடலாமா என்று எத்தனையோ முறை கை துடித்தது. ஆனால் அவள் ஒன்று கொடுத்து, பிறகு மாமியாரும் நினைவு வந்து ஒன்று கொடுத்துவிட்டால்? ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் செய்ததால்தானே இந்தக் கதி! கையை இறுக்கி மூடிக்கொண்டு உள்ளே போவாள். பாத்திரத்தின் மேல் முகம் கவிழ்த்து அழுவாள். கொடுக்கவும் முடியவில்லை, கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. ஒரு மனுஷி எத்தனை பக்கம் கட்டுண்டு கிடப்பாள்!

ஒரு நாள் காலையில் அவள் அவனுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் இடது கையை மெல்லத் தூக்கினான். பின்மண்டையைத் தொட்டான். முகத்தைச் சுளித்தான்.

இதே வலி, இதே இடம்! ஈரத் துணியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

"அத்தை! அவருக்குப் பின்மண்டை வலிக்குது அத்தை! நேத்தும் மாத்திரை குடுக்கலையே... முந்தாநாளும் குடுக்கலையே! உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன், இப்பவே குடுங்க. இல்லன்னா ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க!"

"ஏன்டி கத்துற? நேத்தெல்லாம் நல்லாத்தானே இருந்தான்!"

"நல்லா இருந்தாலும் போடணும் அத்தை! நல்லா இருக்கறதே அந்த மாத்திரையாலதான்! ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு நர்ஸம்மா எத்தனை தடவை சொன்னாங்க..."

மாமியார் அவள் பின்னாலேயே அறைக்குள் வந்தாள். மகனின் சுளித்த முகத்தைப் பார்த்ததும் பயம் கோபமாக வெடித்தது.

"ஒரு நாள்கூட விடக் கூடாதா? நீ ஒரு நாள்கூட விடாம குடுத்தேன்னு ஆஸ்பத்திரியில சத்தியம் பண்ணினியே... குடுத்திருந்தா என் பிள்ளை ஏன்டி இப்படிக் கிடக்கறான்? பதில் சொல்லு! இன்னிக்கு எனக்குப் பதில் சொல்லியே ஆகணும்!"

பதில் இருந்தது. நாக்கு நுனியிலேயே இருந்தது.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "பா... பாட்..."

அவள் திடுக்கிட்டாள். "என்னங்க, வேண்டாம்!"

"பாட்...டி..."

ஒரே பாய்ச்சலில் கட்டிலருகே போய் அவன் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திவிட்டாள். "வேண்டாங்க... வேண்டாங்க..." என்று அழுதாள். அவன் தலையை ஆட்டினான். இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். பாதி உயிர்தான் மிச்சம், ஆனால் அந்தப் பாதி மொத்தமும் அந்தக் கையில் வந்து நின்றது.

மாமியார் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பழி சுமந்து, அடி வாங்கி, தெருவெல்லாம் தலைகுனிந்து நடந்தவள் இந்த மருமகள். அவளுக்காகப் புருஷன் பேச வருகிறான், இவளோ அவன் வாயை அடைக்கிறாள்! எந்தக் குற்றவாளியாவது தன் பக்கம் பேசும் சாட்சியின் வாயைப் பொத்துவாளா?

"ஏன்டி... அவன் வாயை ஏன் பொத்துற?" குரல் இறங்கியிருந்தது. "என்ன சொல்ல வர்றான் என் பிள்ளை?"

"ஒண்ணுமில்ல அத்தை... வாய் குழறுது, ஏதோ..."

"கைய எடு."

கை தானாகவே தளர்ந்தது. அவன் மூச்சு வாங்கினான். "பாட்டில்ல... அந்த... பிர... பிரஷர் மாத்..." அதற்கு மேல் முடியவில்லை. முடிய வேண்டிய அவசியமும் இல்லை.

மாமியாரின் உதடுகள் தாமாகவே அசைந்தன. "சின்னதா... வெள்ளையா... வட்டமா..." சுவரைப் பிடிக்கப் போனாள். பிடி கிடைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை!"

"அதுவா... அந்தப் பாட்டில்லயா வச்சிருந்தீங்க? ஐயோ... நான் கொட்டினது... என் கையால சாக்கடையில கொட்டினேனே! தண்ணி ஊத்திக் கழுவி விட்டேனே!" இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். அந்தக் கைகளாலேயே தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். மருமகள் தாவி அவற்றைப் பிடித்து, மாமியாரைத் தன் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

"அடிச்சுக்காதீங்க அத்தை! உங்களுக்கு எப்படித் தெரியும்? மறைச்சது நாங்கதானே... பட்டையப் பிச்சு எறிஞ்சது நான்தானே!"

"உனக்குத் தெரிஞ்சிருக்கு... அன்னிக்கே தெரிஞ்சிருக்கு! அப்புறம் ஏன்டி பேசாம இருந்த? நான் அடிச்சேனே... ஊர் முழுக்க உன்னப் பத்தி..."

"சொன்னா அவருக்குக் கை வந்துடுமா அத்தை? உங்களையும் படுக்கையில போட்டுட்டு நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?"

ஒருவர் தோளில் ஒருவர் முகம் புதைத்து ஓவென்று அழுதார்கள். கட்டிலில் கிடந்தவனும் அழுதான். அழுகையை மட்டும் அந்த நோய் பாதியாக்கி வைக்கவில்லை.

முதலில் எழுந்தது மாமியார்தான். மடியில் செருகியிருந்த மாத்திரைப் பட்டையை எடுத்து மருமகளின் கையில் வைத்து, அவள் விரல்களை மூடினாள்.

"குடு. இப்பவே குடு. ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டுத் தலைவலின்னு சொல்லு. இனிமே எந்த வேளையும் நீதான். நான் குறுக்க வந்தா என் கைய ஒடிச்சுப் போடு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். காலில் செருப்புகூட இல்லை.

"அத்தை, எங்க போறீங்க? இந்த நிலைமையில..."

"தெரு முழுக்கச் சொன்னேன் இல்ல? அதே வாயால இதையும் சொல்லிட்டு வர்றேன்."

"வேண்டாம் அத்தை! ஊர் உங்களப் பேசும்... நமக்குள்ளயே இருக்கட்டும்!"

மாமியார் வாசற்படியில் நின்று திரும்பினாள். அத்தனை வயசும் ஒரே நாளில் ஏறியது போலிருந்தாள்.

"நமக்குள்ளயே, நமக்குள்ளயேன்னு மறைச்சு மறைச்சுத்தான்டி இங்க வந்து நிக்கிறோம்."

மருமகளால் பின்னால் ஓட முடியவில்லை. உள்ளே அவன் இருந்தான், கையில் மாத்திரை இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மாத்திரையை இப்போது கொடுங்கள், உடனே ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அவள் பட்டையில் இருந்த பெயரைப் படித்துப் பார்த்தாள். ஒன்றைப் பிதுக்கினாள். அவன் தலையை மடியில் தூக்கி வைத்து, வாயின் நல்ல பக்கமாக மாத்திரையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகட்டினாள். அவன் கஷ்டப்பட்டு விழுங்கினான்.

எதிர் வீட்டு வாசலில் மாமியாரின் குரல் கேட்டது. "என் மருமக மேல ஒரு தப்பும் இல்லம்மா. மாத்திரையக் கொட்டினது நான்தான்." பிறகு அதே வார்த்தைகள் பக்கத்து வீட்டில் கேட்டன. பிறகு அதற்கும் அடுத்த வீட்டில். ஒவ்வொரு வாசலிலும் குரல் இன்னும் கொஞ்சம் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை.